அரைத் தேக்கரண்டி நெய்யில் ஒரு குளிர்காலம்

மழை விட்ட மாலையில் தெருவிளக்கு எரியத் தொடங்கியதும் ஈசல் வரும். ஈசலின் பின்னாலேயே துரிஞ்சில் வரும். ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கிக் கூச்சலிடும் பழந்தின்னி வௌவால் வேறு, இது வேறு. ஓட்டு வீட்டு இடுக்கிலோ கோயில் மண்டபத்துக் கல் விரிசலிலோ பகலைக் கழித்துவிட்டு, இருட்டியதும் வந்து பூச்சி பிடிக்கும் சிறு வௌவாலுக்குத் தமிழில் உள்ள பழைய பெயர் துரிஞ்சில். நம் ஊரில் அதற்கு ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பூச்சி கிடைத்துவிடும். மார்கழியிலும் நம்மிடம் கொசுவுக்குப் பஞ்சமில்லை.

ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கும் ஊர்களிலும் துரிஞ்சில் உண்டு. அங்கே நவம்பர் வந்துவிட்டால் கொசு இல்லை, அந்துப்பூச்சி இல்லை. கொசு முட்டையிடும் குட்டையே உறைந்து கல்லாகிவிடும். பூச்சியைத் தவிர வேறெதையும் தின்னத் தெரியாத, பத்து ரூபாய் நாணயத்தின் எடையே உள்ள ஒரு பிராணி அந்த ஆறு மாதத்தை எப்படிக் கடக்கிறது?

கடக்கத்தான் செய்கிறது, அதுவும் முப்பது குளிர்காலங்களைக்கூட. எப்படி என்பதற்கான விடை ஒரு சிறிய வரவுசெலவுக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கில் எங்கே ஓட்டை விழுந்தது என்பதும் இந்த அத்தியாயத்திலேயே வரும்.

ஒளிக்கு அஞ்சும் எலிச்செவி

நாம் பார்க்கப்போவது வட அமெரிக்காவின் சிறு பழுப்பு வௌவாலை. அறிவியல் பெயர் மயோட்டிஸ் லூசிஃபியூகஸ். முதல் சொல்லுக்கு எலிக்காது என்று பொருள். இரண்டாவதற்கு ஒளியை விட்டு ஓடுவது. அலாஸ்காவிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரை வரை ஒரு காலத்தில் சர்வசாதாரணமாகக் கண்ணில் பட்ட உயிர். பண்ணை வீட்டுப் பரணில் இது குடியிருப்பதை அங்கே யாரும் அதிசயமாக நினைத்ததில்லை.

உடல் நம் கட்டைவிரல் அளவு. இறக்கையை விரித்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். மினுமினுக்கும் பழுப்பு மயிர், கறுத்த சிறு முகம். இறக்கை என்பது நீண்டுபோன விரல்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய மெல்லிய தோல். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இரத்தக் குழாய்கள் தெரியும். இந்தத் தோலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதே எடையுள்ள சுண்டெலி ஒன்றிரண்டு ஆண்டில் முடிந்துபோகும். கையில் சிறு உலோக வளையம் மாட்டி விடப்பட்ட இந்த வௌவால்களில் சில, முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு உயிரோடு மறுபடி பிடிபட்டிருக்கின்றன.

கோடை இரவில் வேட்டை

கோடையில் வாழ்க்கை எளிது. அந்தி சாய்ந்ததும் பரணிலிருந்து கிளம்பி, ஏரி ஓரத்திலும் மர விளிம்பிலும் வேட்டை. பூச்சி எங்கே என்பதைக் காதுதான் சொல்கிறது. வௌவால் வாயால் சிறுசிறு ஒலித் துணுக்குகளை எழுப்பும். அவை பூச்சியில் பட்டுத் திரும்பும். திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தொலைவு தெரியும். இதை எதிரொலிப் பார்வை என்று சொல்லலாம். நம் காது நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்காது. சிறு பழுப்பு வௌவாலின் ஒலி 80,000இல் தொடங்கி 40,000க்கு வழுக்கி இறங்குகிறது. அதனால் நமக்கு அந்த வேட்டை முழுக்க மௌனம்.

சும்மா பறக்கும்போது நொடிக்கு 20 துணுக்குகள். பூச்சியை நெருங்க நெருங்க இடைவெளி குறுகி, கடைசி நொடியில் 200ஐத் தொடும். 1938இல் ஹார்வர்டில் மாணவராக இருந்த டொனால்டு கிரிஃபின், இயற்பியலாளர் ஜார்ஜ் பியர்ஸ் செய்து வைத்திருந்த ஒரு கருவியின் முன்னால் வௌவால்களைக் கொண்டுபோனபோதுதான் இந்த ஒலி முதன்முதலாகப் பதிவானது.

வௌவால் மணிக்கு ஆயிரம் கொசு பிடிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அதன் வேரும் கிரிஃபின்தான். 1960இல் அவரும் சக ஆய்வாளர்களும் ஓர் அறைக்குள் கொசுக்களைத் திறந்துவிட்டு வௌவாலைப் பறக்கவிட்டார்கள். சில நிமிட வேட்டைக்கு முன்னும் பின்னும் அதை எடை போட்டுப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 கொசு என்று கணக்கு வந்தது. அந்தச் சில நிமிடங்களை மணிக்கணக்காகப் பெருக்கி, பிறகு இன்னும் கொஞ்சம் ஊதி, ஆயிரமாக்கியது மற்றவர்கள். வெளியே ஏரிக்கரையில் அதன் சாப்பாட்டில் கொசுவோடு சிறு ஈக்கள், அந்துப்பூச்சிகள், வண்டுகள் எல்லாம் கலந்திருக்கும். ஆனால் அளவு பெரியதுதான். பாலூட்டும் தாய் ஓர் இரவில் ஏறத்தாழத் தன் எடைக்கு ஈடாகவே தின்றுவிடும்.

பனிக்கு முன்னால் ஒரு சேமிப்பு

ஆகஸ்டு, செப்டம்பரில் அந்தச் சாப்பாடு சேமிப்பாக மாறுகிறது. 7 கிராம் இருந்த வௌவால் 9 கிராமுக்கு ஏறும். கூடிய 2 கிராமும் கொழுப்பு. நெய்யாக நினைத்துக்கொண்டால் அரைத் தேக்கரண்டி. ஒரு தோசையின் ஓரத்தில் விடப் போதும்.

அதைச் சுமந்துகொண்டு, சில நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்துகூட, சுண்ணாம்புக் குகைகளுக்கும் கைவிடப்பட்ட சுரங்கங்களுக்கும் அவை வந்து சேரும். நல்ல குகைக்கு இரண்டு இலக்கணம். வெளியே எவ்வளவு பனி கொட்டினாலும் உள்ளே உறைநிலைக்குச் சில பாகை மேலேயே இருக்க வேண்டும். காற்றில் ஈரம் நிறைந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடம் கிடைத்துவிட்டால் ஆயிரக்கணக்கில், சில சுரங்கங்களில் பல்லாயிரக்கணக்கில், தோளோடு தோள் ஒட்டித் தொங்கும். நெடுநேரம் அசையாத உடலின் மயிர் நுனிகளில் பனித்துளி கோத்திருக்கும். விளக்கொளி பட்டால் வௌவால் வெள்ளியில் செய்ததுபோல் மின்னும்.

குளிர்துயில் என்பது உறக்கம் இல்லை

இதைக் குளிர்துயில் என்போம். பெயரில் துயில் இருந்தாலும் நம் இரவுத் தூக்கத்தோடு இதற்கு உறவு குறைவு. நாம் தூங்கும்போது உடல் சூடாகவே இருக்கிறது. அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. வௌவால் அடுப்பையே தணித்துவிடுகிறது. 37 பாகையை ஒட்டியிருந்த உடல் வெப்பம், குகைச் சுவரின் வெப்பமான ஐந்தாறு பாகைக்கு இறங்கும். பறக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரத்தை ஒட்டித் துடித்த இதயம் இருபதை ஒட்டித் துடிக்கும். மூச்சு பல நிமிடங்களுக்கு ஒரு முறை வரும். தொட்டால் ஈரமான குளிர்ந்த தோல் பை போலிருக்கும். உயிரிருக்கிறது என்று நம்புவது கடினம்.

சிறு உடலுக்கு இந்த வித்தை கட்டாயம். சின்னப் பாத்திரத்துச் சோறு அண்டாச் சோற்றைவிடச் சீக்கிரம் ஆறிவிடுவதுபோல, சின்ன உடல் சூட்டை விரைவில் இழக்கும். 9 கிராம் உடலைக் குளிர்காலம் முழுதும் 37 பாகையில் வைத்திருக்க முயன்றால் அந்த 2 கிராம் கொழுப்பு சில நாளில் தீர்ந்துபோகும்.

கொழுப்புக் கணக்கு

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். வௌவால்கள் உயிர்வளியை எவ்வளவு எடுக்கின்றன என்று அளந்து, 1990 வாக்கில் கனடிய ஆய்வாளர்கள் குளிர்காலச் செலவை மதிப்பிட்டார்கள். அந்த அளவுகளைக் கூட்டிக் கழிக்க வசதியாக முழு எண்களாக்கிக்கொள்கிறேன்.

ஒரு பெண் வௌவால் அக்டோபர் நடுவில் சுரங்கத்துக்குள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 2,000 மில்லிகிராம் கொழுப்பு. வெளியே பூச்சி பறக்க இன்னும் 190 நாள். துயிலில் ஒரு நாள் செலவு ஏறக்குறைய 2 மில்லிகிராம். 190 நாளுக்கு 380. கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இவ்வளவுதான் என்றால் நெய்யில் பெரும்பகுதி மிச்சம்.

ஆனால் அது தொடர்ந்து துயில்வதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போல விழித்துக்கொள்கிறது. தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு என்ற தனி வகைக் கொழுப்பு இருக்கிறது. அதன் வேலையே சூடு தருவது. அதைப் பற்றவைத்து, உடலை நடுங்கவிட்டு, ஐந்து பாகையிலிருந்து 37க்கு ஏற்றுகிறது. சில மணி நேரம் விழித்திருந்துவிட்டு மறுபடி குளிர்கிறது. இப்படி ஒரு முறை விழித்தெழ ஆகும் செலவு சுமார் 100 மில்லிகிராம்.

நாளொன்றுக்கு 2. விழிப்பொன்றுக்கு 100. ஒரு தடவை கண்விழிப்பது 50 நாள் துயிலுக்குச் சமம்.

குளிர்காலத்தில் 15 முறை விழிக்கிறது என்றால் 1,500 மில்லிகிராம். துயிலுக்கான 380ஐச் சேர்த்தால் 1,880. ஏப்ரல் கடைசியில் சுரங்கத்தின் வாய்க்கு வரும்போது மிச்சம் 120 மில்லிகிராம்.

இவ்வளவு விலை கொடுத்து ஏன் விழிக்க வேண்டும்?

தாகம் என்பது வலுவான விடை. குளிர்துயிலிலும் இறக்கைத் தோல் வழியாக நீர் கசிந்து ஆவியாகிறது. ஈரம் நிறைந்த குகையைத் தேடிப் பிடிப்பதும் அதனால்தான். அப்படியும் இழப்பு சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் எழுந்து குடித்தாக வேண்டும். விழித்த வௌவால் தன் மயிரில் கோத்த துளிகளை நக்குவதும், குகையின் நீர்த்தேக்கத்துக்குப் பறந்து போவதும் உண்டு. கழிவை வெளியேற்ற வேண்டும். தணிந்துகிடக்கும் நோய் எதிர்ப்பாற்றலையும் அவ்வப்போது உசுப்பிப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

எப்படியிருந்தாலும் வரவும் செலவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இழுத்துப் பிடித்துப் பொருத்தப்பட்டவை. தளர்வு அதிகம் இல்லை. யாராவது ஒருவர் இந்த வௌவாலைக் கொல்ல நினைத்தால் அடிக்க வேண்டாம், பட்டினி போட வேண்டாம். அடிக்கடி எழுப்பினால் போதும்.

வெண்மூக்கு

2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகருக்கு அருகே ஒரு குகைக்குள் போன குகை ஆர்வலர் ஒருவர், தொங்கும் வௌவால்களைப் படம் எடுத்தார். அவற்றின் மூக்கில் மாவு அப்பியதுபோல் வெள்ளையாக ஏதோ இருந்தது. அடுத்த ஆண்டு குளிர்காலத்தில் அந்தப் பகுதியில் வௌவால்கள் பட்டப்பகலில் பனி மேல் பறந்தன. குகை வாசல்களில் செத்து விழுந்தன. உள்ளே போய்ப் பார்த்த வனத்துறை ஆய்வாளர்கள் தரையில் பிணங்கள் குவிந்திருக்கக் கண்டார்கள்.

வெள்ளையாக இருந்தது பூஞ்சை. முன்பு அறியப்படாத இனம். இன்றைய பெயர் சூடோஜிம்னோஅஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ். இரண்டாவது சொல்லுக்கு ‘அழிப்பது’ என்று பொருள். பழைய ரொட்டியில் படரும் பூஞ்சைக்கு வெதுவெதுப்பு வேண்டும். இதற்குக் குளிர் வேண்டும். 20 பாகைக்கு மேல் போனால் வளராது. விழித்திருக்கும் வௌவாலின் சூடான உடலில் இதற்கு வேலை இல்லை. அடுப்பு தணிந்து, எதிர்ப்பாற்றலும் அடங்கிக் கிடக்கும் உடல்தான் இதன் விளைநிலம்.

ஐரோப்பாவில் இதே பூஞ்சை பல நாட்டு வௌவால்கள் மேல் காணப்படுகிறது. அங்கே கூட்டம் கூட்டமாகச் சாவு இல்லை. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து பழகியதன் அறிகுறி அது. அமெரிக்காவுக்கு அது யாரோ ஒருவரின் காலணி மண்ணிலோ உடையிலோ ஒட்டி வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வந்த பிறகு வௌவாலிலிருந்து வௌவாலுக்கும் குகையிலிருந்து குகைக்கும் பரவியது. 2016இல் மேற்குக் கோடியான வாஷிங்டன் மாநிலத்தில் மலையேறப் போனவர்கள் வழியில் ஒரு நோயுற்ற வௌவாலைக் கண்டார்கள். அதுவரை நோய் தெரிந்திருந்த எல்லையிலிருந்து அது 2,000 கிலோமீட்டர் தாண்டிய இடம். அந்த வௌவாலும் சிறு பழுப்பு வௌவால்தான்.

அதே கணக்கு, இன்னொரு முறை

பூஞ்சை எப்படிக் கொல்கிறது? மூக்கில் தெரியும் வெள்ளை அடையாளம் மட்டுமே. சேதம் இறக்கையில். பூஞ்சையின் இழைகள் அந்த மெல்லிய தோலுக்குள் துளைத்துப் புண்ணாக்குகின்றன. நீரும் உப்பும் கூடுதலாகக் கசிகின்றன. தாகம் சீக்கிரம் வருகிறது. வௌவால் சீக்கிரம் விழிக்கிறது. நோயுற்றவை ஆரோக்கியமானவற்றைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அடிக்கடி விழிப்பதைத் தோலில் ஒட்டிய சிறு வெப்ப அளவிகள் காட்டின.

நம் பெண் வௌவாலுக்கே திரும்புவோம். கையிருப்பு அதே 2,000. இப்போது ஆறு நாளுக்கு ஒரு விழிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாள் துயிலுக்கு 12, விழிப்புக்கு 100. ஒரு சுற்றுக்கு 112. பதினேழு சுற்றில் 1,904 தீர்ந்துவிடும். பதினெட்டாவது விழிப்புக்குக் கையில் காசு இல்லை. பதினேழு சுற்று என்பது 102 நாள். அக்டோபர் நடுவிலிருந்து எண்ணினால் ஜனவரி கடைசி. வெளியே பனி, முதல் பூச்சிக்கு இன்னும் மூன்று மாதம்.

உண்மையில் பூஞ்சை தொடக்கத்தில் மெல்லப் படர்வதால் முடிவு சில வாரம் தள்ளி, பிப்ரவரி, மார்ச் என்று வரும். பட்டப்பகலில் பனி மேல் பறந்த வௌவால்களுக்கு இப்போது விளக்கம் கிடைக்கிறது. அவற்றுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. சேமிப்பு தீர்ந்துவிட்டது, இல்லாத பூச்சியையும் உறைந்த தண்ணீரையும் தேடிக் கிளம்பியிருக்கின்றன.

ஆண்டுக்கு ஒரே குட்டி

நோய் புகுந்த குகைகளில் இந்த இனம் பத்தாண்டுக்குள் பத்தில் ஒன்பதுக்கு மேல் குறைந்தது. 2014இல் கனடா அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இதை அவசரமாகச் சேர்த்தது. எலிக்கு இப்படி நேர்ந்திருந்தால் சில ஆண்டில் மீண்டிருக்கும். சிறு பழுப்பு வௌவாலுக்கு ஆண்டுக்கு ஒரே குட்டி.

அந்தக் குட்டியின் கதையும் கொழுப்போடுதான் பின்னியிருக்கிறது. இனச்சேர்க்கை இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். ஆணின் விந்தணுக்களைப் பெண் குளிர்காலம் முழுதும் கருப்பையில் உயிரோடு காத்து வைத்திருக்கும். வசந்தத்தில் குகையை விட்டு வந்த பிறகே கருமுட்டை வெளிப்பட்டுக் கரு தங்கும். சேமிப்பை முழுக்கத் துடைத்துவிட்டு வெளியே வந்த தாயால் அதைத் தாங்க முடியாது. பிறக்கும் குட்டியின் எடை தாயின் எடையில் கால் பங்கு. ஐம்பது கிலோ தாய்க்குப் பன்னிரண்டு கிலோ குழந்தை என்று நினைத்துப் பாருங்கள்.

ஆயிரம் வௌவால் இருந்த குகையில் நூறு மிஞ்சி, அவை ஆண்டுக்கு 5 விழுக்காடு பெருகினாலும், பழைய ஆயிரத்தை எட்ட 47 ஆண்டு ஆகும்.

இழப்பு குகைக்குள்ளேயே நின்றுவிடவில்லை. நோய் பரவிய மாவட்டங்களில் உழவர்கள் பூச்சிக்கொல்லி பயன்படுத்தியது சராசரியாக 31 விழுக்காடு கூடியதாக 2024இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வௌவால்கள் கூலி வாங்காமல் செய்துவந்த வேலைக்கு இப்போது மருந்துக் கடையில் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

தப்பியவை குண்டானவை

2010இல் வெளியான ஒரு கணிப்பு, இன்னும் 16 ஆண்டில் அமெரிக்காவின் வடகிழக்கில் இந்த இனம் இல்லாமலே போக 99 விழுக்காடு வாய்ப்பு என்றது. அந்த அளவுக்குப் போகவில்லை. சில குகைகளில் சின்னக் கூட்டங்கள் ஆண்டுக்காண்டு திரும்பி வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பிடித்து எடை போட்டுப் பார்த்தபோது ஒரு சேதி கிடைத்தது: நோய் வந்த புதிதில் இருந்தவற்றைவிட, பின்னாளில் தப்பி வாழ்ந்த கூட்டங்கள் சிலவற்றில் வௌவால்கள் பருமனாக இருந்தன.

நம் கணக்கைப் போட்டவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 2,000க்குப் பதில் 2,500 கையிருப்பு என்றால் 112 வீதம் இன்னும் ஐந்து சுற்று கூடும்; 30 நாள். பூஞ்சை மெல்லப் படரும் குளிர்ந்த மூலையைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் சில வாரம் கூடலாம். அந்த வாரங்கள் சேர்ந்துதான் வசந்தத்தைத் தொட வேண்டும்.

பாதுகாப்பு முயற்சிகளும் இந்த வரவுசெலவைச் சுற்றியே நடக்கின்றன. வரவைக் கூட்ட, இலையுதிர் காலத்தில் குகைகளுக்கு அருகே விளக்கு வைத்துப் பூச்சிகளை ஈர்த்து வௌவால்களுக்கு விருந்து வைத்துப் பார்க்கிறார்கள். செலவைக் குறைக்க, சில சுரங்கங்களைக் கூடுதலாகக் குளிர்வித்துப் பூஞ்சையின் வேகத்தைத் தணித்துப் பார்க்கிறார்கள். தடுப்பு மருந்துச் சோதனைகளும் நடக்கின்றன. குகைக்குப் போய்வந்தவர்கள் காலணியையும் கயிற்றையும் கிருமிநாசினியில் கழுவ வேண்டும் என்பது விதி. பரணில் வௌவால் குடியேறிய வீட்டுக்காரர், குட்டிகள் பறக்கும் வரை பொறுத்திருந்து பிறகுதான் ஓட்டையை அடைக்க வேண்டும்.

கம்பிக் கதவும் 120 மில்லிகிராமும்

இவற்றில் மிகப் பழையதும் மிக எளியதுமான ஏற்பாடு, சுரங்க வாயில் போடும் இரும்புக் கதவு. நம் வீட்டு ஜன்னல்போல் நிமிர்ந்த கம்பிகள் இல்லை அதில், குறுக்குக் கம்பிகள். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே வௌவால் இறக்கை விரித்து நுழையும் அளவுக்கு இடைவெளி, ஆள் நுழைய முடியாத அளவுக்கு நெருக்கம். அக்டோபரில் பூட்டினால் வசந்தம் முடிந்த பிறகே திறப்பார்கள். பூஞ்சை பற்றி யாரும் கேள்விப்படாத காலத்திலேயே இந்தக் கதவுகள் வந்துவிட்டன. அன்று தடுக்க நினைத்தது, விளக்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வரும் நம்மைத்தான்.

வேடிக்கை பார்க்க வருபவர் எதையும் தொட மாட்டார். ஐந்து நிமிடம் நின்று, பேசி, நான்கு படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார். அவர் போன சற்று நேரத்தில் ஒரு வௌவால் நடுங்கத் தொடங்கும். அது அசைந்ததில் பக்கத்தில் தொங்குவது விழிக்கும். தலைக்கு 100 மில்லிகிராம்.

நோய் தொடாத, நன்றாகத் தின்று வந்த, எல்லாம் சரியாக நடந்த பெண் வௌவாலுக்கே ஏப்ரல் கடைசியில் மிச்சமிருந்தது 120.